ஸ்கைலைன் ஆர்33 ஜிடி-ஆர்: பிரிட்டனில் வாங்கிப் பாதுகாத்து மாற்றியமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நிசான் ஸ்கைலைன் ஆர்33 ஜிடி-ஆர் வாங்குவதற்காகப் பார்க்கப் போகிறவர், சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை வைத்துக்கொள்வது நல்லது. இந்த வண்டியின் பானட் அலுமினியத்தால் ஆனது. காந்தம் அதில் ஒட்டாமல் நழுவி விழும், பக்கத்து மட்கார்டிலோ பட்டென்று ஒட்டிக்கொள்ளும். பானட்டிலும் ஒட்டினால், ஒன்று அது வேறு வண்டியின் பானட், அல்லது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஜிடி-ஆரின் பம்பரையும் பின் ஸ்பாய்லரையும் மாட்டிக்கொண்ட சாதாரண ஸ்கைலைன். கார்பன் ஃபைபர் பானட் போட்ட வண்டியில் இந்தச் சோதனை பயன்படாது என்பதால், இறுதி முடிவை எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் பொறிக்கப்பட்ட சேஸிஸ் எண்ணிடம் விட்டுவிட வேண்டும். அது ‘பிசிஎன்ஆர்33’ என்று தொடங்கினால் ஜிடி-ஆர். ‘இசிஆர்33’ என்று தொடங்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்சக்கர இயக்கமுள்ள மலிவான உடன்பிறப்பு.

1995-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 1998 வரை தயாரிக்கப்பட்ட இந்த வண்டியில், 2,568 சிசி கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் கொண்ட ஆர்பி26டிஇடிடி எஞ்சின் இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் அன்று தமக்குள் வைத்திருந்த உடன்பாட்டின்படி அதன் திறன் 280 குதிரைத்திறன் என்றே ஏட்டில் எழுதப்பட்டது. ஜப்பானைப் போலவே பிரிட்டனிலும் வலப்பக்க ஸ்டியரிங், இடப்பக்கப் போக்குவரத்து என்பதால், இவ்வகை வண்டிகள் பெருமளவில் இங்கே வந்து சேர்ந்தன. வந்தவற்றை வாங்கியவர்களில் பலர் செய்த தவறு ஒன்றே: திறனைக் கூட்டும் வேலையை முதலிலும், மற்ற எல்லாவற்றையும் பிறகும் செய்தார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பி எழுதப்பட்டது.

ஏலத்தாளைப் படிப்பது

ஜப்பானில் பழைய வண்டிகளில் பெரும்பகுதி ஏலக்கூடங்கள் வழியாகவே கைமாறுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஆய்வாளர் எழுதிய ஒரு தாள் உண்டு. அதைப் படிக்கத் தெரியாமல் ஏலத்தில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதைப் போன்றது. தாளின் மூலையில் உள்ள மதிப்பெண் 4 அல்லது 4.5 என்றால் நல்ல நிலை, 3.5 என்றால் வயதுக்கேற்ற தேய்மானம், ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்றால் விபத்துக்குப் பின் பழுதுபார்த்த வண்டி என்று பொருள். மதிப்பெண்ணைவிட முக்கியமானது தாளில் உள்ள வண்டியின் வரைபடம். அதில் ‘ஏ’ கீறலையும், ‘யு’ பள்ளத்தையும், ‘டபிள்யூ’ பழுதுபார்த்துப் பெயின்ட் அடித்த அலையையும், ‘எஸ்’ துருவையும், ‘எக்ஸ்எக்ஸ்’ மாற்றப்பட்ட பகுதியையும் குறிக்கும். எழுத்தை அடுத்து வரும் எண் கூடக்கூடக் குறையும் பெரிது. பின்சக்கர வளைவில் ‘எஸ்’ என்றிருக்கும் 4.5 வண்டியைவிட, கதவில் நான்கு ‘ஏ1’ இருக்கும் 3.5 வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

துருதான் இந்த வண்டியின் உண்மையான எதிரி. டோக்கியோ சுற்றுவட்டாரத்தில் ஓடிய வண்டி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஹொக்கைடோவிலும் தோஹொகுவிலும் ஓடியது அப்படி இருக்காது. முன் சஸ்பென்ஷன் மேல்முனை பொருந்தும் இடங்கள், பின்சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுக்குக் கீழ் ஓடும் சில் பகுதி, டிக்கியின் தரை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டிக்கியில் கம்பளத்தை விலக்கி ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்ப்பதற்கு விற்பவர் முகம் சுளித்தால், அந்த முகச்சுளிப்பையே ஆய்வறிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஓடிய தூரத்தைப் பொறுத்தவரை, ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழிலேயே முந்தைய ‘ஷாகென்’ பரிசோதனையின்போது பதிவான கிலோமீட்டர் அச்சாகியிருப்பது வழக்கம். ஷாகென் என்பது பழைய கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனை. சான்றிதழில் 92,000 என்றிருக்க, மீட்டர் 61,000 காட்டினால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

வரியும் பதிவும்

இறக்குமதி வரியில்தான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். வண்டி விலையும் கப்பல் கட்டணமும் சேர்ந்து 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் 10 சதவீதச் சுங்கமாக 4,000 பவுண்டும், அதையும் சேர்த்த 44,000 மீது 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியாக 8,800 பவுண்டும் ஆக, மொத்தம் 12,800 பவுண்டு கட்ட வேண்டும். ஆனால் 30 ஆண்டுகளைக் கடந்த, தயாரிப்பு நின்றுபோன, சேஸிஸ், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியைச் சேகரிப்புப் பொருள் என்று சுங்கத்துறை ஏற்றுக்கொண்டால், சுங்கம் இல்லை, மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம் மட்டுமே. அதே வண்டிக்கு 2,000 பவுண்டோடு முடிந்துவிடும். 1995-ஆம் ஆண்டின் வண்டிகள் இப்போது இந்த வயதை எட்டியிருக்கின்றன. ஜப்பானிலேயே பெரிய டர்போ ஏற்றப்பட்ட வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்கிறவர், இந்த 10,800 பவுண்டு வித்தியாசத்தையும் அதன் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

வண்டி துறைமுகத்தில் இறங்கியதும் 14 நாட்களுக்குள் வருவாய்த்துறையின் ‘நோவா’ முறைமையில் அறிவிக்க வேண்டும். அது முடியாமல், வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ வண்டியைப் பதிவு செய்யாது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி என்பதால் தனி வண்டி ஒப்புதல் சோதனை தேவையில்லை, எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சாலைத்தகுதிச் சோதனை போதும். பதிவெண் இல்லாத நிலையில் சேஸிஸ் எண்ணைக் கொண்டே எம்ஓடி எடுக்கலாம், காப்பீடும் எடுக்கலாம். பின்னர் வி55/5 படிவத்தை, ஏற்றுமதிச் சான்றிதழோடும் அதன் மொழிபெயர்ப்போடும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

எம்ஓடிக்கு முன் செய்ய வேண்டிய சிறு வேலைகளில் முதலாவது பின்புற மூடுபனி விளக்கு. ஜப்பானில் அது கட்டாயம் இல்லாததால் பல வண்டிகளில் இருக்காது. இங்கே வலப்பக்கத்திலோ நடுவிலோ ஒன்று எரிய வேண்டும். முகப்பு விளக்குகள் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றவையாகவே வருவதால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. வேகமானியை மைலுக்கு மாற்றும் சிப்பைப் பொருத்தும்போது, பொருத்திய நாளையும் அப்போதைய கிலோமீட்டரையும் படமெடுத்து ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எம்ஓடியில் ஒருவர் கிலோமீட்டரை மைல் என்று எழுதிவிட்டால், நேர்மையான வண்டியும் மீட்டர் திருத்திய வண்டிபோல் தோன்றும். பழைய ஜப்பானிய ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே பிடிக்கும் என்பதால் இங்குள்ள பெரும்பாலான நிலையங்கள் அதில் வராது. இந்த எஞ்சினின் சத்தம் இருக்கும்போது அது பெரிய குறையாக எனக்குத் தோன்றியதில்லை.

லண்டனில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். யூரோ 4 புகைத் தரத்தை எட்டாத பெட்ரோல் வண்டிக்கு, யூலெஸ் எனும் குறைபுகை மண்டலத்தின் எல்லைக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டணம் உண்டு; 2023 ஆகஸ்ட் 29 முதல் அந்த எல்லை லண்டனின் எல்லாப் பகுதிகளையும் உள்ளடக்கியது. 40 ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கான விலக்கு ஆர்33-க்குக் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

திருட்டைத் தடுப்பது

திருடர் பக்கமிருந்து பார்த்தால் ஆர்33 மிக எளிய இரை. 1998 அக்டோபரிலிருந்துதான் ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு, உரியவரல்லாதவர் எஞ்சினைக் கிளப்ப விடாத இம்மொபிலைசர் கட்டாயமானது. அதற்கு முன் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட இந்த வண்டியின் சாவியில் சிப் கிடையாது, வெட்டிய உலோகத் துண்டு மட்டுமே. கதவுப் பூட்டைத் திறந்து, ஸ்டியரிங் பூட்டை உடைத்து, இக்னிஷனைத் திருப்பத் தேர்ந்த கைக்கு அதிக நேரம் ஆகாது. வண்டி முழுதாக விற்கப்பட வேண்டும் என்ற அவசியமும் இல்லை: எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்கள், இருக்கைகள் எனத் தனித்தனியாகவே நல்ல விலை போகும்.

பிரிட்டனின் காப்பீட்டு நிறுவனங்கள், வாகனப் பாதுகாப்புக் கருவிகளை மதிப்பிடும் தாட்சம் அமைப்பின் தரவரிசையைக் கேட்கும். முதல் வகை என்பது அலாரமும் இம்மொபிலைசரும் சேர்ந்தது; இரண்டாம் வகை இம்மொபிலைசர் மட்டும். டிராக்கர்களில் எஸ்5, எஸ்7 என்று இரு பிரிவுகள் 2019 முதல் இருக்கின்றன. எஸ்5-இல் ஓட்டுநர் அடையாளக் குறியைத் தன்னுடன் வைத்திருக்காவிட்டால், சாவியோடு வண்டி நகர்ந்தாலும் கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போய்விடும். இப்போது பலரும் பேசும் ஒருவகை இம்மொபிலைசர், ஸ்டியரிங்கிலும் கதவிலும் உள்ள பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால்தான் வண்டியைக் கிளப்ப விடும். அது வண்டியின் கேன் பஸ் தரவுக் கம்பி வழியே வேலை செய்வது. ஆர்33-இல் கேன் பஸ்ஸே கிடையாது என்பதால், அதை இதில் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடமிருந்து மரியாதையாக விடைபெறலாம். இந்த வண்டிக்கு வேண்டியது, ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்ப் என்று குறைந்தது இரண்டு மின்சுற்றுகளை ரிலே மூலம் துண்டிக்கும் பழைய முறைதான்.

அந்தப் பழைய முறையில் எல்லாமே வயரிங் வேலையின் தரத்தைப் பொறுத்தது. என் வண்டியில் முதன்முதலில் அலாரம் பொருத்தியவர், எரிபொருள் பம்புக்கான கம்பியை வெட்டி, இரு முனைகளையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தார். எட்டு மாதம் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு நவம்பர் மாலை, லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் மூன்றாவது தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, விளக்குகள் எரிந்துகொண்டிருக்க எஞ்சின் மட்டும் சத்தமின்றி நின்றுவிட்டது. பவர் ஸ்டியரிங் கனத்துப்போக, இண்டிகேட்டரைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்கிய அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு, டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, டேப்பின் பசை வெயிலில் உருகி, கம்பி முனை பச்சை பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, இணைப்புகள் அனைத்தும் சால்டர் செய்யப்பட்டோ, சரியான கருவியால் அழுத்தப்பட்டோ, வெப்பத்தில் சுருங்கும் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். தொழிற்சாலைக் கம்பிகளின் நிறத்தோடும் தடத்தோடும் ஒன்றிப் போகவும் வேண்டும், ஏனெனில் தனியாகத் தெரியும் கம்பி திருடருக்கும் வழிகாட்டி. ஓடும் வண்டியை நிறுத்தாமல், அடுத்த முறை கிளப்புவதை மட்டும் தடுக்கும் அமைப்பா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பொருத்தியவரிடமிருந்து சான்றிதழ் வாங்கத் தவறாதீர்கள்; அது இல்லாவிட்டால் காப்பீட்டாளரின் கணக்கில் அந்த அலாரம் இல்லாததற்குச் சமம்.

மின்னணுக் கருவிகளின் மேல் ஒரு முரட்டுப் பூட்டும் வேண்டும். ஸ்டியரிங் வளையம் முழுவதையும் மூடும் உலோகத் தட்டு வகையே நல்லது. வளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும் கம்பிவகைப் பூட்டைத் தோற்கடிக்க, வளையத்தையே ரம்பத்தால் அறுத்துவிட்டால் போதும்.

அலாரமும் டிராக்கரும் சேர்ந்து, நிற்கும் வண்டியிலிருந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி பதினேழு நாளில் பாதியாகிவிடும். அதற்குப் பிறகு டிராக்கர் பேசும் என்று நம்பக் கூடாது. ஆர்33-இன் பேட்டரி டிக்கியில் இருப்பதால், பராமரிப்பு சார்ஜரின் இணைப்பை அங்கேயே நிரந்தரமாகப் பொருத்திவிடலாம். சமூக ஊடகத்தில் படம் போடும்போது பதிவெண்ணையும் வீட்டு வாசலையும் மறைப்பது, விற்கும்போது பார்க்க வருபவரிடம் எஞ்சின் ஓடும் வண்டியில் தனியே இருக்கையைக் கொடுக்காமலிருப்பது ஆகியவை செலவில்லாத பாதுகாப்புகள்.

காப்பீட்டில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, சந்தை மதிப்பு என்று எழுதப்பட்ட பாலிசியை விட்டு, படங்களும் மதிப்பீடும் கொடுத்து முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி எடுப்பது. இரண்டாவது, கேட்கப்படும் கேள்விகளுக்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்லும் கடமை 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோருக்கு உண்டு என்பதை நினைவில் வைப்பது. ஜப்பானில் முந்தைய உரிமையாளர் போட்ட சைலன்சரும் மாற்றம்தான். நீங்கள் போடவில்லை என்பது பதிலாகாது.

மாற்றியமைப்பது: வரிசை

முதல் ஆண்டு முழுவதையும் வண்டியைப் பழைய நிலைக்கு மீட்பதற்கே ஒதுக்குங்கள். ரசீது இல்லாத டைமிங் பெல்ட் மாற்றப்படாத பெல்ட் என்றே கொள்ள வேண்டும். அதன் ஆயுள் 1,00,000 கி.மீ., ஆனால் முப்பது வயதான ரப்பர் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. பெல்ட்டோடு தண்ணீர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஜப்பானில் கராஜில் நின்ற வண்டிகளில் பளபளப்பான பழைய டயர்கள் சகஜம். அடிப்பகுதி, சில், வளைவுகள் எல்லாவற்றுக்கும் துருவைத் தடுக்கும் உட்குழி மெழுகு அடிப்பதை முதல் பனிக்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். நிசான் 2017-இல் ஆர்32-க்காகத் தொடங்கிய நிஸ்மோ ஹெரிட்டேஜ் உதிரிபாகத் திட்டம் பின்னர் ஆர்33-க்கும் விரிவானதால், கிடைக்காமல் போயிருந்த சில பாகங்கள் மீண்டும் புதிதாகக் கிடைக்கின்றன; விலை மட்டும் மூச்சடைக்க வைக்கும்.

சஸ்பென்ஷனில், ஜப்பானிலிருந்து வண்டியோடு வரும் காயில்ஓவர்களை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தொகுதிகளை)ப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அவை வழுவழுப்பான பந்தயத் தளத்துக்காகக் கடினமாக அமைக்கப்பட்டவை; மேடும் பள்ளமுமான ஆங்கிலேய நாட்டுப்புறச் சாலையில் சக்கரம் தரையில் இருக்கும் நேரத்தைவிடக் காற்றில் இருக்கும் நேரம் அதிகமாகும். பிரெம்போ பிரேக்குகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை என்பதால் நல்ல பேடுகளும் புதிய திரவமும் புதிய குழாய்களும் போதும்.

நான்கு சக்கரங்களுக்கும் தேவைக்கேற்ப விசையைப் பங்கிடும் அட்டெசா இ-டிஎஸ் முறைமை, முன்பின் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே முடிவெடுக்கிறது. ஆகவே 245/45 ஆர்17 என்ற தொழிற்சாலை அளவை மாற்றினாலும், நான்கு டயர்களும் ஒரே வகையாக, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு சக்கரங்களை மட்டும் உருளைகளின்மேல் சுழலவிடும் ரோலிங் ரோட்டில் இந்த வண்டியை ஏற்ற முனையும் எம்ஓடி பரிசோதகரை ஓடிப்போய்த் தடுக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு.

எஞ்சினைத் தொடும் முன் பெட்ரோலைப் பற்றிப் பேச வேண்டும். ஜப்பானின் உயர்ரகப் பெட்ரோல் ஏறத்தாழ 100 ஆக்டேன் கொண்டது. பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் 95, உயர்ரகம் 97 முதல் 99 வரை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் ஜப்பானில் எழுதப்பட்ட நிரலோடு 95 ஊற்றி ஓட்டினால், அழுத்தம் கூடும் நேரத்தில் கலவை தானாக வெடித்து பிஸ்டனைத் தாக்கும் நாக்கிங் உண்டாகலாம். எப்போதும் 99 ஊற்றுவதும், இங்குள்ள பெட்ரோலுக்கேற்ப இசியுவை மறுநிரல் செய்வதும் திறனுக்காக அல்ல, எஞ்சின் பிழைத்திருப்பதற்காக.

அடுத்து, இந்த எஞ்சினின் மூன்று பலவீனங்கள். ஆர்33-இன் டர்போக்களில் வெளியேற்றுப் பக்கச் சக்கரம் செராமிக்கால் ஆனது. தொழிற்சாலை பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், சுமார் 0.7 பார், அழுத்தக் குழாயினுள் இருக்கும் ஒரு சிறு குறுக்கியை எடுத்துவிட்டால் காசு செலவின்றி 0.9 பாருக்கு மேல் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஆனால் 1 பாரை நெருங்கும்போது செராமிக் சக்கரம் தண்டிலிருந்து பிய்ந்துவிடக்கூடும். இரண்டாவது ஆயில் பம்ப்: எஞ்சின் அதன் உச்சச் சுழற்சியைத் தொட்டு, எரிபொருள் வெட்டுப்பட்டுக் குலுங்கும்போது பம்பின் பற்சக்கரங்கள் விரிசல் விடும், பம்ப் போனால் எஞ்சின் போயிற்று. மூன்றாவது, தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது எண்ணெய் சிலிண்டர் ஹெட்டிலேயே தேங்கி, கீழே தொட்டிக்குத் திரும்பத் தாமதிப்பது.

எனவே பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை இப்படி அமைகிறது. முதலில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் பேக்குகளும் காற்றுப் பாய்வுமானிகளும், ஏனெனில் வயதான இவையே தடுமாற்றத்துக்குக் காரணமாகின்றன. பிறகு ரேடியேட்டர், ஆயில் கூலர், எண்ணெய் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் மானிகள். அதன்பின் பெரிய எரிபொருள் பம்ப். 440 சிசி அளவிலான தொழிற்சாலை இன்ஜெக்டர்கள் 400 குதிரைத்திறனைத் தாண்டும்போது எல்லைக்கு வந்துவிடும் என்பதால் அவையும். அதற்கும் பிறகுதான் உலோகச் சக்கரம் கொண்ட டர்போக்களும், ஏபெக்ஸி பவர் எஃப்சி, லிங்க், ஹால்டெக் போன்ற மாற்று இசியுவும். 400 முதல் 450 வரை நின்றுவிடுகிறவர் எஞ்சினைப் பிரிக்காமல் நெடுநாள் ஓட்டலாம். அதற்கு மேல் போக விரும்புகிறவர், ஆயில் பம்பிலிருந்து பிஸ்டன்வரை எல்லாவற்றையும் திறந்து கட்டுவதற்கான பணத்தை முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறியும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். தொழிற்சாலையில் இருந்த ஒன்று இல்லாமல் போனால் எம்ஓடியில் தோல்விதான்.

கடைசி வேலை, நான்கு சக்கர ரோலிங் ரோட்டில் கழியும் ஒரு முழு நாள். அங்கே உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் காட்டும் காற்று-எரிபொருள் விகிதமும், நாக்கிங் கேட்கும் கருவியின் ஒலியும் சுழற்சி வரம்பு முழுவதும் சீராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் அச்சிட்ட வரைபடத்தை வாங்கிக்கொண்டு, அந்த வளாகத்திலிருந்தே காப்பீட்டாளரை அழைத்துப் புதிய திறனைச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பும்வரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.